தோல் சீவாத சுக்கு

1

“இதில் விஷப்பொருள் ஏதாவது இருக்கிறதா?” என்று போன வாரம் தபாலாபீசில் கேட்டார்கள்.

திருமங்கலத்திலிருந்து என் அண்ணன் அனுப்பிய பொட்டலம் அது. பழைய வேட்டித் துணியில் வைத்துத் தைத்து, அரக்கு முத்திரை போட்டு, என் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார். மலாயாவுக்கு வந்து சேர ஒன்றரை மாதம் ஆகியிருக்கிறது. சுங்கக்காரர் தையலைப் பிரித்து எல்லாவற்றையும் மேஜையில் கொட்டினார். சுக்கு, கொத்தமல்லி, மிளகு, சித்தரத்தை, நாலு வட்டுக் கருப்பட்டி. கருப்பட்டியில் ஒட்டிக்கொண்டு கப்பலேறி வந்த எறும்புகள் செத்துக் கிடந்தன. பாவம், அவற்றுக்கு என்ன தலையெழுத்தோ.

நான் இந்த நாட்டுக்கு வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. என் மலாய் சந்தைக்குப் போதும், தபாலாபீசுக்குப் போதாது. அதனால் என் மகள் தனத்தைக் கூட்டிப் போயிருந்தேன். அவளுக்குப் பதினேழு வயது. பட்டணத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை படிக்கிறாள், லீவில் வந்திருந்தாள்.

“உணவா மருந்தான்னு கேக்குறாரும்மா.”

“ரெண்டுந்தான்னு சொல்லு.”

“ரெண்டும்னு எழுத இடமில்லையாம். ஒண்ணுலதான் கோடு போடணுமாம்.”

அதற்கே கால்மணி நேரம் ஆயிற்று. மருந்து என்றால் டாக்டர் சீட்டு வேண்டும். உணவு என்றால் என்ன உணவு, எப்படிச் சாப்பிடுவது என்று கேள்வி வந்தது. தட்டிக் கொதிக்க வைத்துக் குடிப்பது என்று தனம் சொன்னாள். அவர் ஒரு சுக்கைப் பென்சில் நுனியால் புரட்டிப் பார்த்து, இதையா என்பதுபோல் என்னைப் பார்த்தார். பிறகுதான் அந்த விஷக் கேள்வி வந்தது.

தனம் என் முகத்தைப் பார்த்தாள். நான் சுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தோலோடு இருக்கிற சுக்கு. அவள் அவரிடம் திரும்பி, “இல்லை” என்று மலாயில் சொல்லி, காகிதத்தில் அவளே கையெழுத்தும் போட்டாள்.

வெளியே வந்ததும் பொட்டலத்தைத் தூக்கிவர மனமில்லாமல் தனத்திடமே கொடுத்துவிட்டேன். ஏன் என்று உங்களுக்கு எழுதலாம் என்று நினைக்கிறேன். இதைப் படிக்கிற மதுரைக்காரர்களில் யாராவது தெற்குவாசல் பக்கம் இருந்தவர்களாக இருந்தால், அவர்களுக்கு நான் ஒரு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

2

சுக்கு மல்லித் தண்ணி போட உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மல்லியை வெறும் சட்டியில் வாசம் வர வறுத்து, சுக்கையும் நாலு மிளகையும் சேர்த்து ஒன்றிரண்டாகத் தட்டி, கருப்பட்டியோடு கொதிக்க விட்டு வடிகட்டினால் முடிந்தது. தட்டுவதற்கு முன்னால் சுக்கின் தோலைச் சீவிவிட வேண்டும், தோல் விஷம். இதுவும் நம் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

ஆனால் நான் சீவுகிற மாதிரி யாரும் சீவிப் பார்த்திருக்க மாட்டீர்கள். கத்தியால் ஒரு தடவை சீவுவேன். கணுவுக்குள் ஒளிந்திருப்பதை ஊசியால் நோண்டுவேன். ஈரத்துணியால் துடைத்து மறுபடியும் சீவுவேன். சீவிய தோலை ஒரு துணுக்கு விடாமல் காகிதத்தில் கூட்டி அடுப்பில் போட்டு எரித்துவிட்டுக் கையைக் கழுவுவேன். “தோலைச் சீவுறியா, சுக்கையே சீவுறியா?” என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். அவர் ரப்பர் தோட்டத்தில் கிராணி, அதாவது ஆள்பெயர் எழுதுகிற உத்தியோகம். எதிலும் சிக்கனம் பார்க்கிற மனுஷன்.

தனம் தவழ்கிற வயதிலிருந்தே அவளிடம் சொல்லி வந்தேன். “சுக்கைத் தொடாத. தோல் விஷம். ஆளைக் கொன்னுபுடும்.” மற்ற வீடுகளில் இதைச் சும்மா சொல்வார்கள். நான் சொல்லும்போது என் குரல் மாறும் என்று அவள் பிற்பாடு சொன்னாள்.

3

நாங்கள் டி. கல்லுப்பட்டிப் பக்கத்துச் சம்சாரிகள். மழை பொய்த்த வருஷத்தில் அப்பா நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு மதுரைக்கு வந்து, பஞ்சுக் கிட்டங்கியில் வேலைக்குச் சேர்ந்தார். தெற்குவாசல் பக்கம் ஒரு வளவில் குடியிருந்தோம். ஒரே வாசல், உள்ளே ஏழு குடித்தனம், நடுவில் கிணறு. ஒரு வீட்டில் தாளித்தால் ஏழு வீட்டில் தும்முவார்கள்.

பக்கத்து வீட்டில் சாயக்கார மாமா இருந்தார். சௌராஷ்டிரக் குடும்பம். வீட்டுக்குள் அவர்கள் பாஷை, வாசலைத் தாண்டினால் எங்கள் பாஷை. நூலுக்குச் சாயம் ஏற்றுகிறவர் என்பதால் முழங்கை வரை எப்போதும் சிவப்பு. “இந்தா வாயாடி, எனக்கு வச்சிருக்கிற மருதாணியப் பாரு” என்று என்னிடம் கையை நீட்டுவார். சடைக்குக் கட்டிக்கொள்ளக் கலர் கலராக நூல் தருவார். தினமும் காலையில் சாயச்சாலைக்குப் போகும் முன் எங்கள் வீட்டு வாசலில் நின்று ஒரு தம்ளர் சுக்குத் தண்ணி குடித்துவிட்டுத்தான் போவார். அம்மா போட்டால்தான் தொண்டைக்கு இதம் என்பார்.

எனக்கு ஒன்பது வயது. சித்திரைத் திருவிழா, தேர் அன்று காலை. ஊர் முழுக்கச் சனம். அம்மா கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தாள். மாமா வந்து, “ராத்திரியிலருந்து வயிறு சரியில்லக்கா. இன்னைக்குக் கொஞ்சம் காரமாப் போடச் சொல்லுங்க” என்றார். அம்மா என்னைப் போடச் சொன்னாள். வாசலில் என் சேக்காளிகள் நின்று, “ஏய், வாரியா இல்லியா? தேரு கெளம்பிரும்!” என்று கத்திக்கொண்டிருந்தார்கள். சுக்கைச் சீவினால் கால்மணி நேரம் ஆகும். நான் அப்படியே தோலோடு வைத்துத் தட்டினேன்.

கிணற்றடியிலிருந்து அம்மா கேட்டாள். “தோலைச் சீவினியாடி?”

“சீவிட்டேம்மா.”

மாமா குடித்துவிட்டு, “இன்னைக்கு நல்லா உறைப்பா இருக்கு” என்று இன்னொரு தம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார். நான் தேர் பார்க்க ஓடினேன்.

மறுநாள் உச்சிப்பொழுதுக்குள் அவரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். வாந்திபேதி என்றார்கள். அந்த வாரத்தில் எங்கள் தெருவிலேயே இன்னும் இரண்டு பேர் போனார்கள், முனிசிபாலிட்டிக்காரர்கள் சுண்ணாம்புப் பொடி தூவினார்கள். இதெல்லாம் பெரியவர்களுக்குத் தெரிந்த விஷயம். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். நான் அவரைக் கொன்றுவிட்டேன்.

மாமாவின் மனைவி அவர்கள் பாஷையில் சொல்லிச் சொல்லி அழுதாள். எனக்கு ஒரு வார்த்தை புரியாது. எல்லாவற்றையும் தெரிந்துகொண்டு என்னைத்தான் சொல்லி அழுகிறாள் என்று நினைத்தேன். அந்த அழுகைக்குள் என் பெயர் வருகிறதா என்று சுவர் ஓரமாக நின்று ஒட்டுக் கேட்பேன். சாப்பாடு இறங்காது. வாசலில் போலீஸ்காரர் நடந்து போனால் குதிருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வேன்.

பத்து நாள் கழித்து வளவில் யாரோ ஆரம்பித்தார்கள். “தேரன்னைக்குக் காலையில அந்த வீட்டுலதான சுக்குத் தண்ணி குடிச்சாரு? தோலோட தட்டிப் போட்டாகளோ என்னமோ.” பேச்சு ஒரே நாளில் ஏழு வீட்டையும் சுற்றி வந்தது. அம்மா பொறுமைசாலி இல்லை. கிணற்றடியில் எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தி, தரையில் சூடத்தை ஏற்றி, உள்ளங்கையால் அடித்து அணைத்தாள்.

“எம்மக தோலைச் சீவித்தான் போட்டா. பொய்யின்னா எங்குடும்பம் வெளங்காமப் போகட்டும்.”

நான் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அம்மாவின் கையில் சூடம் சுட்ட கறுப்புத் தெரிந்தது. மூடிக்கொண்டேன்.

மூன்றாம் வருஷம் அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். டாக்டர் ஏதோ பெயர் சொன்னார். எனக்கு அந்தச் சூடம்தான் ஞாபகம் வந்தது.

4

பதினாறு வயதில் கல்யாணம் ஆகி மலாயாவுக்குக் கப்பலேறினேன். கடல் தாண்டினால் விட்டுப்போகும் என்று உள்ளூர ஒரு ஆசை இருந்தது. விட்டுப் போகவில்லை. பெட்டியைத் திறந்ததும் அண்ணி கட்டிக் கொடுத்த சுக்குதான் மேலே இருந்தது.

இனி ஜப்பான்காரன் காலத்துக்கு வருகிறேன். அவன் வந்த மறுவருஷம் காப்பித்தூள், தேயிலை, டின்பால் எல்லாம் கண்ணில் படாமல் போய்விட்டன. மரவள்ளிக்கிழங்கைத் தின்று, சுக்குத் தண்ணியைக் குடித்துக் காலத்தை ஓட்டினோம். வீட்டுக்குப் பின்னால் இஞ்சி போட்டு, தோண்டி, கூரையில் காயவைத்து நானே சுக்காக்கினேன். கருப்பட்டிக்குப் பதில் இங்கே கிடைக்கிற தென்னைவெல்லம். மல்லி ஒரு பிடிதான் மிச்சம், அதை வாசனைக்கு மட்டும் நாலு நாலு விதையாகப் போடுவேன்.

பட்டாளத்து லாரிச் சத்தம் கேட்டால் தோட்டத்துப் பெண்கள் எல்லாரும் வீட்டுக்குப் பின்னால் ஆளுயரம் வளர்ந்த லாலான் புல்லுக்குள் போய்ப் படுத்துக்கொள்ள வேண்டும். தனத்துக்குப் பதினோரு வயது. முடியை ஒட்ட வெட்டி, அவள் அப்பாவின் பழைய கால்சட்டையைக் குறைத்துத் தைத்துப் போட்டு விட்டிருந்தேன். பார்த்தால் பையன் என்றுதான் நினைப்பார்கள். அதனால் அவள் ஒருத்தி மட்டும் வீட்டில் இருப்பாள்.

சயாமில் ரயில் பாதை போடத் தோட்டம் தோட்டமாக ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பெயர் எழுதிக் கொடுக்க வேண்டியது கிராணி. என் வீட்டுக்காரர் அவர்கள் கேட்டதில் பாதிப் பெயர்தான் எழுதினார். கைக்குழந்தைக்காரனை விட்டார், சீக்காளியை விட்டார். அவரே குளிர்காய்ச்சலில் நடுங்கிக்கொண்டிருந்தார். அவருக்காகச் சுக்குத் தண்ணி கொதிக்க வைத்து, வடிகட்டப் போகும்போது லாரி வந்துவிட்டது. பாத்திரத்தை மூடிவைத்துவிட்டு ஓடினேன்.

புல்லுக்குள் கிடந்தபடி கேட்டது மட்டும்தான். ஒரு அதிகாரியின் சத்தம். பிறகு கன்னத்தில் அறைகிற சத்தம், இரண்டு தடவை. பிறகு அந்த அதிகாரியே விடாமல் இருமினான். அதற்கப்புறம் வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லை. என் பற்கள் அடித்துக்கொள்கிற சத்தம் வெளியே கேட்குமோ என்று புல்லைக் கடித்துக்கொண்டேன். கடைசியில் லாரி கிளம்பிப் போயிற்று.

ஓடிவந்து பார்த்தேன். என் வீட்டுக்காரர் தரையில் தவழ்ந்து, உடைந்த மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். உதட்டில் ரத்தம். “தனம் சமாளிச்சுட்டா புள்ள. இருமுனான்ல, சுக்குத் தண்ணி போட்டுக் குடுத்தா. குடிச்சுட்டு, நாலு நாள்ல வாரேன்னு போயிட்டான்” என்றார்.

அடுப்படிக்குப் போனேன். நான் மூடிவைத்த பாத்திரம் அப்படியே நிறைய இருந்தது. பக்கத்தில் இன்னொரு சின்னப் பாத்திரம், அடியில் மண்டி.

“இது இருக்கே. அவனுக்கு எதைக் குடுத்த?” என்று தனத்தைக் கேட்டேன்.

“அது அப்பாவுக்கு. அவனுக்கு வேற போட்டேன்.”

கத்தி நான் சொருகிவைத்த இடத்திலேயே இருந்தது. எங்கேயும் சீவல் இல்லை.

“தோலைச் சீவினியா?”

“இல்ல.”

“மறந்துட்டியாடி?”

தனம் என்னை நிமிர்ந்து பார்த்தாள். வெட்டின தலையோடு, அந்தக் கால்சட்டையோடு, பதினோரு வயதுப் பிள்ளை.

“மறக்கல” என்றாள்.

5

அன்றிலிருந்து நான்கு நாள். என் ஆயுளில் அப்படிப் பயந்தது அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.

வீட்டுக்காரரிடம் சொல்ல முடியாது. சொன்னால் காய்ச்சல் வேகத்தில் உளறிவிடுவார். அந்த அதிகாரி செத்தால் முதலில் எங்கே வருவார்கள்? கடைசியாக எங்கே, என்ன குடித்தான் என்று விசாரிக்க எவ்வளவு நேரம் ஆகும்? பக்கத்துத் தோட்டத்தில் இதைவிட அற்பக் காரியத்துக்கு ஒரு குடும்பத்தையே கொண்டுபோயிருந்தார்கள். ஓடிப்போகலாம் என்றால் எழுந்து நிற்க முடியாத மனுஷனை எங்கே தூக்கிக்கொண்டு போவது?

சாயக்கார மாமா மறுநாள் உச்சிப்பொழுதுக்குள் போனவர். அதனால் மறுநாள் உச்சிப்பொழுது வரை நிழலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது கடந்தது. பட்டாளத்துக்காரன் தின்று கொழுத்தவன், இன்னும் ஒருநாள் தாங்குவான் என்று தோன்றியது. காக்கை கத்தினாலும் லாரிச் சத்தம்போலக் கேட்டது.

இன்னொன்றையும் ஒளிக்காமல் எழுதுகிறேன். என் பிள்ளையைப் பார்க்கவும் எனக்குப் பயமாக இருந்தது. அவள் வழக்கம்போல் கிழங்கு தின்றாள், கோழியை அடைத்தாள், அப்பாவுக்குக் கால் பிடித்துவிட்டாள். நான் அந்த வயதில் தெரியாமல் செய்துவிட்டுப் பயந்து பொய் சொன்னவள். இவள் தெரிந்தே செய்துவிட்டு நேராகப் பார்த்து நிஜம் சொல்கிறாள். அதைச் சொல்லிக்கொடுத்தது யார்? நான்தான். தொட்டிலிலிருந்து விஷம், விஷம் என்று ஓதியது நான்தான்.

தெற்குவாசலிலிருந்து தெரிகிற கோபுரத்தை நினைத்துக்கொண்டு மீனாட்சியிடம் வேண்டினேன். அந்த ஜப்பான்காரன் சாகக்கூடாது, தாயே, அவன் நல்லா இருக்கணும் என்று. கட்டின புருஷனுக்காகக்கூட அப்படி வேண்டிக்கொண்டதில்லை.

நான்காம் நாள் காலையில் லாரி வந்தது. காய்ச்சல் கொஞ்சம் விட்டிருந்த வீட்டுக்காரர்தான் என்னைப் பின்வாசல் வழியாகத் தள்ளிவிட்டார். புல்லுக்குள் படுத்துக்கொண்டு, விலக்கிப் பார்த்தேன். முன்னால் இருந்து ஒருவன் இறங்கினான். அன்றைக்குக் கேட்ட அதே குரலில் ஏதோ அதட்டினான். அவனேதான். நேராக நடந்து வந்தான். வீட்டுப் படியேறினான். ஒரு தடவைகூட இருமவில்லை.

எனக்கு முதலில் வந்தது என்ன தெரியுமா? சிரிப்பு. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, வயிறு வலிக்கச் சிரித்தேன். பிழைத்தோம் என்பதற்காக மட்டும் இல்லை. தோலோடு குடித்தவன் படியேறி நடக்கிறான். அப்படியானால் மாமாவை நான் கொல்லவில்லை. அம்மா அடித்த சூடம் அம்மாவைச் சுடவில்லை. இருபது வருஷம் கழித்து ஒரு சத்துரு வந்து எனக்குத் தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போகிறான்.

புல் விலகியது. தனம் குனிந்து நின்றாள்.

“அவன் சாகலம்மா. அந்தத் தண்ணி இன்னொரு தரம் வேணுமாம்.”

நான் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினேன்.

“அப்ப நீ சொன்னது பொய்யா?” என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, “நீ எதுக்குச் சிரிக்கிற?” என்றாள்.

அவள் திரும்பிப் போய்விட்டாள். அவன் அன்றைக்குச் சுக்குத் தண்ணியும் குடித்தான், வீடுவீடாகப் புகுந்து ஆட்களையும் ஏற்றிக்கொண்டு போனான். கைக்குழந்தைக்காரனும் போனான். லாரியின் பின்னால் ஓடிய பெண்களில் யாரையும் இன்றுவரை நான் நேராகப் பார்த்துப் பேசுவதில்லை. போனவர்களில் திரும்பி வந்தது கொஞ்சம் பேர்தான். அவன் நன்றாக இருக்கவேண்டும் என்று நான்கு நாள் வேண்டிக்கொண்டவள் நான்.

6

அதற்கப்புறம் தனம் என்னிடம் எதையும் கேட்டுக்கொள்வதில்லை. நான் சொல்வதை நம்புவதும் இல்லை. எண்ணெய் தேய்த்த தலையோடு வெயிலில் போகாதே என்றால் போவாள். சண்டை போடமாட்டாள், அதுதான் கஷ்டம். வெள்ளைக்காரன் திரும்பி வந்ததும் இங்கிலீஷ் பள்ளிக்கூடம், பிறகு விடுதி, இப்போது ஆஸ்பத்திரி. தமிழில் இரண்டு வரிக் கடிதம் வரும். இஞ்சிக்கு மலாய் வார்த்தைதான் அவள் வாயில் முதலில் வருகிறது. அப்பாவை அறைந்தவன் பிழைத்ததற்குச் சிரித்த தாய் என்று என்னைப் பற்றி அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். திருத்த வேண்டுமானால் மாமா கதையைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல இந்தப் பயந்தாங்கொள்ளிக்குத் தைரியம் வரவில்லை.

தபாலாபீசிலிருந்து வந்த அன்று சாயங்காலம் எனக்குச் சளி. தனமே அடுப்படிக்குப் போனாள். தம்ளரைக் கொண்டுவந்து வைத்தவள், பக்கத்தில் ஒரு தட்டையும் வைத்தாள். தட்டில் சுக்குத் தோல், ஒரு துணுக்கு விடாமல் சீவி, குவித்து.

“இதுல ஒண்ணுமில்லன்னு ஒனக்குத்தான் தெரியுமே. அப்புறம் எதுக்குச் சீவின?” என்று கேட்டேன்.

“உனக்குக் குடுக்குறதுன்னா சீவணும்மா. இல்லாட்டி நீ பயப்படுவ.”

சாதாரணமாகச் சொன்னாள். நான் உடைந்துபோனேன். தேர், சேக்காளிகள், கிணற்றடி, இரண்டாவது தம்ளர், சூடம், எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்லத் தண்ணி ஆறிப்போயிற்று. அவள் ஆஸ்பத்திரியில் நோயாளி சொல்வதைக் கேட்பது மாதிரி குறுக்கிடாமல் கேட்டாள்.

“வாந்திபேதிம்மா அது. ராத்திரியே ஆரம்பிச்சிருச்சு. நீ போட்டதுக்கு முன்னாடியே” என்றாள்.

“தெரியும்.”

“அம்புட்டு வருஷமா நீதான் கொன்னேன்னு நெனச்சிக்கிட்டு இருந்தியா?”

நான் தலையை ஆட்டினேன். அவள் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு மெதுவாக, “அன்னைக்குப் புல்லுக்குள்ள நீ சிரிச்சது இதுக்கா?” என்றாள்.

“ஆமா.”

அவள் எழுந்து தம்ளரையும் தட்டையும் எடுத்துக்கொண்டு போனாள். தண்ணியைச் சுடவைத்து எனக்குக் கொடுத்தாள். தனக்கு ஒரு தம்ளர் ஊற்றிக்கொண்டு, தட்டில் இருந்த தோலை அள்ளி அதில் போட்டு, என் எதிரே உட்கார்ந்து ஆற்றினாள். வேண்டாம் என்று கையை நீட்டிவிட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் தம்ளரைத் தூக்கி, கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.

மறுநாள் உச்சிப்பொழுதுக்குத்தான் அவளுக்கு பஸ். தோலில் ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும், என்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும். ஆனாலும் அவள் பெட்டி கட்டியபோதும், பழையது சாப்பிட்டபோதும், பாதையில் எனக்கு முன்னால் நடந்தபோதும் அவள் முகத்தையும் வெயிலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு அது புரிந்திருக்க வேண்டும். பஸ் வந்து நின்றும் ஏறாமல், “அடுத்த பஸ்ல போறேம்மா” என்று சொல்லி, உச்சிவெயில் தாண்டும்வரை என் பக்கத்தில் நின்றாள்.